வெறும் வயிற்றில் மாத்திரை

குடலிறக்க ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த தாதா, வலியும் வீக்கமும் குறைய எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினார். ஊரில் பாதிப் பேர் வயிற்றைக் கிழித்தவருக்குத் தன் வயிற்றுத் தையலைத் தாங்க முடியவில்லை.

"வெறும் வயித்துல போட்டா குடல் புண்ணாகும்னு எத்தனை தடவை சொல்றது? வீட்டம்மா பிளாஸ்க்ல குடுத்த சூப்பைக் குடிங்க" என்று கடிந்துவிட்டு நர்ஸ் போனாள்.

அடுத்து வந்தவன் கதவைத் தாழிட்டான். கன்னம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. தையல் மேல் முழங்கையை ஊன்றி, அவர் கழுத்தில் கத்தியை வைத்தான். தையலில் ரத்தம் கசிந்தது.

"யாருடா அனுப்பினது?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதுண்ணே. காலையிலதான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாங்க, உயிர் போகுது."

"இந்த வலியோட அரைகுறையாக் குத்தித் தொலைக்காதே. என் மாத்திரையில ஒண்ணு போட்டுட்டு நிதானமாக் குத்து. வெறும் வயித்துல வேணாம், குடல் புண்ணாகும். அந்த சூப்பைக் குடிச்சுக்கோ."

அவனுக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஒரே மூச்சில் பிளாஸ்க்கைக் காலி செய்தான். மாத்திரையை எடுப்பதற்குள் வாயில் நுரை தள்ளி, கட்டில் காலில் மண்டை உடைய விழுந்தான்.

தாதா தையலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஏன்டா, சூப்பைத் தொடாதேன்னு என் பொண்டாட்டி உங்கிட்ட சொல்லி அனுப்பலையா?"