மூலைக்குப் போன அண்டா

"எங்க அண்டாவைக் கொண்டுபோய் எங்க போட்டிருக்கா பாருங்க சம்பந்தி."

ஸ்ரீமதி கையை நீட்டிக் காட்டினாள். கடலூரிலிருந்து சம்பந்தியம்மா மங்கலத்தைச் சிதம்பரத்துக்கு வரவழைத்ததே இந்த அண்டாவைக் காட்டத்தான். 'மியூசியத்துல நட்டநடுவுல எங்க வீட்டு அண்டாதான்' என்று ஒரு மாசமாக போனில் பெருமை அடித்தாயிற்று.

அண்டா மூலையில் கிடந்தது. அதுவும் ஜன்னல் வெளிச்சம் எட்டாத மூலை. பக்கத்தில் அட்டை மட்டும் மாமனார் பேரோடு ஒழுங்காக இருந்தது: 'தங்கராசு குடும்பத்தார் அன்பளிப்பு.'

நட்டநடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது ஓர் ஊறுகாய் ஜாடி. விளிம்பு வேறு உடைந்தது. அட்டையைப் படிக்கவே வேண்டாம். மியூசியத்தை நடத்தும் ரேகா வீட்டு ஜாடி.

"ஜாடிக்குத் தனி லைட்டு. அண்டாவுக்கு இருட்டு. எப்படி இருக்குது நியாயம்?"

மங்கலம் காதில் அது விழவே இல்லை. அவள் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பளிங்கு மாதிரி வழவழன்னு இருக்குதே. அரசமரம் முளைச்சுக் கிடந்த சத்திரமா இது? எந்தம்மா எடுத்துக் கட்டுனாங்கன்னு சொன்னீங்க?"

"கட்டலைங்க. பழுது பார்த்தாங்க. நிறைய பேரு." ரேகா பேரைச் சொல்ல ஸ்ரீமதிக்கு வாய் வரவில்லை.

"அந்தம்மாவைப் பேப்பர்ல போட்டாங்களே, சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு, கடுக்காய்த் தண்ணி ஊத்தி சுண்ணாம்பு குழைச்சுக்கிட்டு. சிமெண்டு மூட்டையை உள்ளயே விடலையாமே."

"போட்டோகிராபர் வர்ற அன்னிக்கு மட்டும் குழைச்சிருப்பா."

"கீழ மண்டபம், மேல மியூசியம். நம்ம காயத்ரி வளைகாப்பை இங்கயே வெச்சிடலாம் போலருக்கே. அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்."

மகளுக்குக் கல்யாணமே இன்னும் ஆகவில்லை. அதற்குள் வளைகாப்புக்கு ரேகாவிடம் போய் நிற்க வேண்டுமாம்.

துடைப்பத்தோடு கொளஞ்சி வந்தாள். ரெண்டு வருஷமாகச் சத்திரத்தில் கூட்டிப் பெருக்குகிறவள்.

"ஏம்மா, இந்த அண்டாவை யாரு மூலையில வெச்சது?"

"முந்தாநேத்து வரைக்கும் நடுவுலதாங்கக்கா இருந்துச்சு. ஒரே கரி. புளி போட்டு நான்தான் தேய்ச்சேன். தங்கமாட்டம் ஆயிடுச்சு. ரேகாம்மா வந்து சுத்திச் சுத்திப் பார்த்தாங்க. உடனே மூலைக்குத் தள்ளச் சொல்லிட்டாங்க. அவுங்களே வூட்டுக்குப் போயி ஜாடியை எடுத்தாந்து வெச்சாங்க."

ஸ்ரீமதி மங்கலத்தைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டீங்களா? பளபளன்னு ஆனதும் பொறுக்கலை. கரியாவே இருந்திருந்தா நடுவுலயே விட்டிருப்பா."

ஐம்பது வருஷம் பரணில் கிடந்த அண்டா அது. தேய்க்க ஆள் கிடைக்காமல் அப்படியே ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருந்தாள். இப்படி மின்னும் என்று தெரிந்திருந்தால் வீட்டிலேயே தேய்த்துக் கூடத்தில் வைத்திருக்கலாம்.

"எங்க மாமனாரு இந்தப் பொன்னம்மாள் சத்திரத்துக்கு இருபது வருஷம் மணியம் பார்த்தவரு, சாவியெல்லாம் அவரு கையிலதான். யாத்திரைக்கு வர்றவங்களுக்கு அவரு சொன்னாத்தான் உலை வைப்பாங்க. அவரு வூட்டு அண்டா மூலையில, எவ வூட்டு ஜாடியோ நடுவுலயா? கொளஞ்சி, ஒரு கை புடி."

"ரேகாம்மா திட்டுவாங்க."

"நான் பாத்துக்கறேன். புடி."

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். தரையில் அண்டா போட்ட சத்தத்துக்குக் கீழேயிருந்து ரேகா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"வேணாம் ஸ்ரீமதி. அங்கயே இருக்கட்டும்."

"ஏன்?"

"தரை கீறிக்கும்."

"ஜாடியை நடுவுல வைக்கிறப்போ கீறலையா?"

"சாயங்காலம் பேசிக்கலாம்டி. இப்ப வேணாம், சொன்னாக் கேளு."

"கான்வென்ட்டுல எட்டாங்கிளாஸ்லேர்ந்து பாக்கறேன் உன்னை. ஃபர்ஸ்ட் ரேங்க்கும் நீ, லீடரும் நீ. ஆண்டு விழாவுல நீ ராணி, நான் பின்னாடி மரம். கிழவியாகப் போறோம், இன்னமும் நீயேதான் நடுவுல நிக்கணுமா?"

ரேகா சுண்ணாம்பில் வெந்து தோலுரிந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

ஸ்ரீமதி அண்டாவைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினாள். சுவரைப் பார்த்திருந்த பக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. கழுத்தை ஒட்டி ஒரு வரி எழுத்து வெட்டியிருந்தது.

"அட, எழுத்தெல்லாம் இருக்குதே." மங்கலம் கிட்டே வந்தாள். "நான் கண்ணாடி எடுத்தாரலை. வாய்விட்டுப் படிங்க சம்பந்தி, கேப்போம்."

கீழே நாற்காலி போடுகிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்ரீமதி குரலை உயர்த்தினாள்.

"பொன்னம்மாள் சத்திரத்து..."

அதோடு குரல் நின்றது.

"ம், அப்புறம்?"



ரேகா குனிந்தாள். எழுத்துகளின் மேல் விரலை ஓட்டி, திக்காமல் திணறாமல், ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள்.

"பொன்னம்மாள் சத்திரத்துக்கு மணியம் தங்கராசு குடும்பத்தார் தந்த தருமம்." நிமிர்ந்து மங்கலத்தைப் பார்த்துச் சிரித்தாள். "இவ மாமனாரு பேருதாங்க."

"எப்பேர்ப்பட்ட மனசு." மங்கலம் அண்டாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நல்ல குடும்பத்துலதான் பொண்ணு எடுக்கறோம்."

ஸ்ரீமதி இன்னும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் தங்கராசு என்ற பேரே இல்லை.

'பொன்னம்மாள் சத்திரத்துச் சொத்து. வெளியே கொண்டு போகக் கூடாது.'