எல்லா வழியும் பக்கத்து வீட்டுக்கே

“வெப்சைட் பண்ணுடின்னா பக்கத்து வீட்டுக்கு ஆள் பிடிச்சுக் குடுத்திருக்கா! தலையில என்ன களிமண்ணா?”

ஏரிக்கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினார் தாலாய். அவர் மனைவி பெர்மெட் தலையைக் குனிந்துகொண்டு எனக்குத் தேநீர் ஊற்றினாள். பாவமாகத்தான் இருந்தது.

ஜூலை மாதம், சுற்றுலாக்காரர்கள் குவியும் நேரம். இவர்கள் விடுதியில் ஈ, காக்கை இல்லை. பக்கத்து வீட்டு ஜூரா அக்காவிடமோ முற்றத்துக் கூடாரம்வரை விருந்தாளிகள். புருஷன் போனபிறகு வீட்டை விற்க இருந்தவர் அவர்.

ஜூரா அக்காவும் எதிரே கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார். வெப்சைட் வேலை தெரிந்த வெளியாள் ஒருவர் வந்து பார்க்கட்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால்தான் காரகோல் நகரத்திலிருந்து என்னை வரவழைத்திருந்தார்கள்.

“இவங்க எனக்குப் பிச்சை போடறாங்களோன்னு சந்தேகம், தம்பி. அப்படின்னா நாளைக்கே வீட்டை வித்துட்டு மக வீட்டுக்குப் போயிடுவேன்.”

பெர்மெட் செய்திருந்த வெப்சைட்டைப் பார்த்தேன்.

“கூகுள் ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போகும். இந்த வெப்சைட்ல ஏரி, குதிரைச் சவாரி, சாப்பாடுன்னு எல்லாப் பக்கத்துலயும் ஜூரா அக்கா வீட்டுக்குத்தான் இணைப்பு. உங்க வீட்டுக்கு ஒண்ணுகூட இல்ல. புதுசா கத்துக்கறவங்க பண்ற தப்புதான்.”

“கேட்டீங்களாக்கா, இவ லட்சணத்தை!”

ஜூரா அக்காவின் முகம் மலர்ந்தது.

“தப்புதானா! சரி, வழி தப்பி வந்தாலும் தங்கறது நான் பொரிக்கிற போர்சோக் ரொட்டிக்காகத்தானே? அவளைத் திட்டாதே, தாலாய். எனக்கு இடம் பத்தலைன்னா உனக்கு ரெண்டு பேரை அனுப்பறேன்.”

பெருமையோடு எழுந்து போனார். தாலாய் வாசல்வரை கூடவே போனார்.

“அஞ்சு நிமிஷ வேலை” என்று வெப்சைட்டில் இவர்கள் விடுதிக்கான பக்கத்தைத் திறந்தேன். கை நின்றுவிட்டது. கூகுள் போன்ற தேடுபொறிகள் இந்தப் பக்கத்தைக் காட்டவே கூடாது என்று உள்ளே ஒரு வரி எழுதியிருந்தது. அது தெரியாமல் வருகிற வரி இல்லை.

நிமிர்ந்தேன். பெர்மெட் சிரித்தாள்.

“முதல்ல எங்க வீட்டுக்கான இணைப்பை மட்டும்தான் எடுத்தேன். அப்பவும் ரெண்டு பேர் கண்டுபிடிச்சு வந்துட்டாங்க, தம்பி. எங்களுக்கு ஆப்ரிகாட் தோட்டம் இருக்கு. அவங்களுக்கு அந்த வீடுதான்.”

எழுந்து கும்பிடலாம் போலிருந்தது. “அது தெரியாம உங்க வீட்டுக்காரர் இந்தத் திட்டு திட்டறாரே!”

அதற்குள் தாலாய் உள்ளே வந்தார். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா நம்பிட்டாங்க. இன்னும் கொஞ்சம் பலமா திட்டியிருக்கணுமோ, பெர்மெட்?”