குறையாத பத்து கிலோ

"எண்பத்து நாலு. போன வாரமும் இதே எண்பத்து நாலு!"

எடை மெஷினைக் குனிந்து பார்த்த அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மேலே நின்றிருந்த மாமா தொப்பையை உள்ளே இழுத்துப் பார்த்தார். அதற்கெல்லாம் மசிகிற மெஷினா அது?

"ஏழு வாரமா இந்த வீட்டுல சர்க்கரை டப்பாவே கிடையாது. அப்புறம் எப்படிங்க?"

"என் உடம்பு வாகு அப்படி. டயட்டு கியட்டெல்லாம் நமக்கு ஒத்து வராது போல" என்று சொல்லிவிட்டு மாமா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவருக்கு.

இந்த டயட்டை ஆரம்பித்ததே அவர்தான். பத்து கிலோ குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்று ஒரு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். "ஆனா நீ எதிர்ல உட்கார்ந்து இனிப்பு தின்னா என்னால முடியாது" என்றார்.

அவ்வளவுதான். காபியில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டு, அடியில் தங்கியதை விரலால் வழித்து நக்குகிற என் அக்கா, அங்கேயே சபதம் போட்டுவிட்டாள். "நீங்க பத்து கிலோ குறையற வரைக்கும் என் நாக்குலயும் இனிப்பு படாது!"

முதல் இரண்டு வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னும் ஏழுதான். அன்னிக்குப் பாருங்க, ஒரு முழு கேக்கை ஒருத்தியா உட்கார்ந்து முடிக்கறேன்" என்றாள். அதற்கப்புறம் என்ன ஆனதோ, போன மூன்று கிலோவும் சொல்லிவைத்த மாதிரி திரும்பி வந்துவிட்டது.

இதில் கூத்து, இளைத்தது அக்காதான். நடையே சுறுசுறுப்பாகிவிட்டது. செருப்பு கடித்தது என்று மாதக்கணக்கில் கால் கட்டைவிரலில் சுற்றியிருந்த துணிக்கட்டையும் அவிழ்த்துப் போட்டுவிட்டு, தையல் மெஷினை ஜோராக மிதித்துக்கொண்டிருந்தாள்.

"என் சமையல்லதான் ஏதோ கோளாறுடா" என்று வாசல் வரை வந்து என்னிடம் அழுதாள். "அவருக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா நான் என்னடா பண்ணுவேன்?"

எனக்கு மனசே ஆறவில்லை.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். அடுத்த வெள்ளிக்கிழமை மதியம், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது ஒரு பல் டாக்டர் அம்மா. பேக்கரித் திருப்பத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது, கடைக்குள்ளே தெரிந்த தொப்பை ஒன்று கண்ணில் பட்டது.

என் காலடியில் இருக்கிற பிரேக்கை ஓங்கி மிதித்தேன்.

"நான் ஒண்ணும் தப்பு பண்ணலையே சார்!" என்று அந்த அம்மா பதறினார்.

"நீங்க இல்லம்மா. ஓரமா நிறுத்திட்டு அஞ்சு நிமிஷம் இருங்க."

உள்ளே மாமா ஒரு கிரீம் பன்னை மருந்து மாதிரி முழுங்கிக்கொண்டிருந்தார். தட்டில் இன்னொன்று காத்திருந்தது. மீசையெல்லாம் கிரீம்.

"வெக்கமா இல்ல உங்களுக்கு? அங்க ஒருத்தி உங்களுக்காக வாயைக் கட்டிட்டு அழுதுட்டிருக்கா!"

மாமா அவசரமாகத் தட்டை ஒதுக்கினார். "கத்தாத மாப்ளே. உட்காரு."

"அக்காவுக்கு இப்பவே போன் பண்றேன்."

"பண்ணு. ஆனா இதைப் பார்த்துட்டுப் பண்ணு."

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த லேப் ரிப்போர்ட் ஒன்றை எடுத்து வைத்தார். மேலே அக்காவின் பெயர். சர்க்கரை அளவைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.

"அந்தக் கால் புண்ணு செருப்பு கடிச்சதில்ல மாப்ளே. வாயைக் கட்டலேன்னா விரலையே எடுக்க வேண்டி வரும்னுட்டார் டாக்டர். உங்கக்கா என்ன செஞ்சா தெரியுமா? 'யாரோடதையோ மாத்திக் குடுத்துட்டாங்க'ன்னுட்டு, வர்ற வழியிலயே ஐஸ்கிரீம் வாங்கித் தின்னா!"

நான் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"தனக்காக அரை ஸ்பூன் குறைக்க மாட்டா. அதான் டாக்டர் எனக்குச் சொன்னதா ஒரு பொய்யைப் போட்டேன். எனக்காகன்னதும் மொத்தத்தையும் விட்டுட்டா. இப்பதான் புண்ணு ஆறியிருக்கு, இன்னும் ஆறு மாசமாவது இப்படியே போகணுமாம். நான் பாட்டுக்குப் பத்து கிலோ குறைஞ்சு தொலைச்சேன்னா, அன்னிக்கே கேக்கை வெட்டிடுவா." மீசையைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு இந்தக் கிரீமைப் பார்த்தாலே குமட்டுது."

வெளியே பல் டாக்டர் அம்மா ஹாரன் அடித்தார். போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். கண் நனைந்திருந்தது.

மாமா ஒதுக்கிய தட்டை மறுபடி அவர் முன்னால் நகர்த்தினேன்.

"நாளைக்கு எடை பார்க்கிற நாள் மாமா. இதையும் சாப்பிட்டுடுங்க."