அப்பாவின் ஷெல்ஃப் செடி

இருபது நாளில் இது மூன்றாவது ஸ்நேக் பிளான்ட்.

“ஏம்மா, மாசத்துக்கு ரெண்டு தடவை தண்ணி ஊத்தினாலே ஷெல்ஃப்ல ஜம்முனு நிக்கும். இதையே சாகடிக்கிறீங்கன்னா உங்களுக்கு பிளாஸ்டிக் செடிதான் லாயக்கு!” என்று சிரித்தார் நர்சரிக்காரர்.

அவள் அதே உயரத்தில் ஒரு செடியைத் தேடி எடுத்து, ஓர் இலையின் நுனியைக் கிள்ளி எறிந்தாள்.

“ஐயோ, நல்ல இலையை ஏம்மா கிள்றீங்க?”

“அப்பா வாங்கின செடியில இந்த நுனி இருக்காதுண்ணே. செடி மாறினது அவருக்குத் தெரியக் கூடாது.”

“தெரிஞ்சாத்தான் என்ன?”

“பழசு ஏன் அழுகுச்சுன்னு கேப்பார். பத்துத் தடவை ஊத்திட்டு, இன்னைக்கு ஊத்தவே இல்லங்கறார். அவருக்கு மறதி நோய்ண்ணே. இன்னும் அவர்கிட்ட நாங்க சொல்லல.”