சின்ன கார் வேணாம்

“சின்ன காரெல்லாம் வேணாம் அத்தா. குடுத்தா இந்தக் காரா இருக்கணும்” என்று உள்ளறை வாசலில் நின்றபடியே கைப்பேசியை நீட்டினாள் ஃபரீன்.

ஜான் பாஷாவுக்கு ரத்தம் கொதித்தது. நிச்சயம் பேச வந்த சம்பந்தி நவுஷாத், மாப்பிள்ளைக்கு ஒரு கார் வேண்டும் என்று வாய் கூசாமல் கேட்டு முடித்து, ஆறின டீயைக்கூட இன்னும் குடிக்கவில்லை. அவர் கேட்டதே பத்து லட்ச ரூபாய்க் கார். பெற்ற மகள் அதற்கும் மேலே ஏற்றிவிடுகிறாள்!

கைப்பேசியை எட்டிப் பார்த்த மாப்பிள்ளை அன்சருக்கு வாயெல்லாம் பல். “அட, புதுசா வந்துச்சே அதுவா! ரேஸ் வண்டி இன்ஜின். மிதிச்சா நாலு செகண்டுல நூறத் தொட்டுடும்.”

“வெலை இன்னா?” என்றார் ஜான் பாஷா.

“எம்பத்தஞ்சு லட்சம்” என்றாள் ஃபரீன், கத்தரிக்காய் விலை சொல்வதுபோல.

நடுவில் உட்கார்ந்திருந்த பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கே தூக்கிவாரிப் போட்டது. “கார் கெடக்கட்டும். மாப்பிள்ளை பொண்ணுக்குக் குடுக்க வேண்டிய மஹரைப் பத்தி யாருமே வாயத் தொறக்கலியே?”

“அது இன்னா ஹஜ்ரத் பெரிய விஷயம்? தங்கம் ரெண்டு கிராமோ மூணு கிராமோ, பொண்ணு வாயால இன்னா கேக்குதோ அத்த அப்படியே குடுத்துடறோம். சபையில சொல்லிட்டேன், போதுமா? மொதல்ல காரைப் பேசி முடிங்க” என்று கையை வீசினார் நவுஷாத். தியாகதுருகத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். துணி கிழிக்கிற மாதிரியேதான் பேச்சும்.

கள்ளக்குறிச்சியில் ஜான் பாஷாவுக்கு இருப்பது ஒரே ஒரு புளி மண்டி. கல்வராயன் மலையிலிருந்து வரும் புளியும் சாமையும்தான் அந்த வீட்டுக்குச் சோறு போடுகின்றன. மண்டியை விற்றால்தான் இந்தக் கார் வாசலுக்கு வரும்.

“மைலேஜாவது குடுக்குமா?” என்றார் எரிச்சலாக.

“பெரிய ரோட்டுல எட்டு. டவுனுக்குள்ள அஞ்சு” என்றாள் மகள்.

“லிட்டருக்கு அஞ்சா? மலைக்குப் போய்க்கினு வந்துக்கினு இருக்கிற என் குட்டியானையே லோடோட பதினஞ்சு குடுக்குது! இத்த எடுத்துக்கினு மலை ஏறுனா மூணுகூடத் தேறாது. இது காரா, பெட்ரோல் குடிக்கிற பேயா?”

“மைலேஜ் கேக்குறவங்க வாங்குற காரா பாய் இது?” நவுஷாத் தொப்பை குலுங்கச் சிரித்தார். “அப்புறம் இன்னொண்ணு. காரைக் குடுக்குறவங்கதான் மொத ஒரு வருஷத்துக்குப் பெட்ரோலும் போட்டுக் குடுக்கணும். அதான் மரியாதை.”

ஜான் பாஷா மகளிடம் திரும்பினார். குரல் உடைந்துவிட்டது. “கேட்டியா? கேட்டுக்கினு மரமாட்டம் நிக்கிறியே, நீ யாரு பக்கம்? உன்னைப் பெத்தவன் மண்டிய வித்துட்டுத் தெருவுல நிக்கணுமா?”

“கார் நல்லா இருக்குத்தா” என்றாள் அவள். அவ்வளவுதான்.

“பாத்தீங்களா, மருமவ இப்பவே எங்க வூட்டு ஆளு!” நவுஷாத் தொடையில் தட்டிக்கொண்டார்.

“மாமா, நீங்களே சொல்லுங்க” என்றாள் ஃபரீன். “எம்பத்தஞ்சு லட்சம் ஜாஸ்தி ஒண்ணும் இல்லியே?”

“ஜாஸ்தியா? ரெண்டு குடும்பத்து கௌரவத்துக்கு இதுவே கம்மிம்மா. பாசம் இருக்கிறவங்க கடைய வித்தாவது குடுப்பாங்க.”

“பெட்ரோலும் சேத்துத்தானே?”

“சேத்துத்தான்! பெட்ரோல் இல்லாம குடுத்தா அது தகரம்.”

அன்சர் அதற்குள் கைப்பேசியில் கலர் பார்க்கத் தொடங்கிவிட்டான். ஜான் பாஷாவுக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு பெண்ணைப் பெற்றதற்குச் சும்மா இருந்திருக்கலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றிவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஹஜ்ரத்துக்குப் பொறுக்கவில்லை. தொண்டையைச் செருமினார். “போதும் நிறுத்துங்க. ஏம்மா ஃபரீன், மஹர் உன்னோட உரிமை, நீதான் சொல்லணும். மாப்பிள்ளை உனக்கு இன்னா குடுக்கணும்?”

ஃபரீன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மாமாவை நேராகப் பார்த்தாள்.

“அதே கார்தான் ஹஜ்ரத். ஒரு வருஷப் பெட்ரோலோட.”