சில்வஸ்டர் ஹோம்

பக்கத்து வீட்டுப் பெண்ணின் லேப்டாப் திரையில் தன் பெயரைப் பார்த்ததும் சில்வஸ்டருக்குச் சுருக்கென்றது. 'சில்வஸ்டர் ஹோம்'. அவர் வீட்டு வைஃபைக்கு அவர் வைத்த பெயர்.

நாஜ்னீன் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த மதிலை ஒட்டி, ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு, கல்லூரிப் பாடம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"இது யார் ஊட்டு நெட்டும்மா?"

அவள் சட்டென்று லேப்டாப்பை மூடினாள். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

"படிக்கிற புள்ள இப்படித் திருடலாமா?"

தெருக்குழாயில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாஜ்னீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சில்வஸ்டருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பக்கவாதத்தில் படுத்த மனைவி செலஸ்டினுக்கு, மஸ்கட்டிலிருக்கும் மகனோடு லேப்டாப்பில் பேசும் அரைமணி நேரம்தான் உயிர். அது நாலு நாளாகத் திக்கித் திக்கி வந்ததற்குக் காரணம் இவள்தானா?

மறுநாள் காலை இன்டர்நெட் லைன் பார்க்கும் சுஜித்தை வரவழைத்தார்.

"பாஸ்வேர்டு போட்டுக் குடுங்க. இனி வெளியாளு ஒருத்தரும் நுழையக் கூடாது."

"இத்தன நாளு பாஸ்வேர்டே இல்லாமயா வெச்சிருந்தீங்க சார்?"

அலமாரி மேலிருந்த மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. சுஜித் அதன் பிளக்கைப் பிடுங்கினான். செலஸ்டின் லேப்டாப்பில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்த சர்ச் பூசை நிற்காமல் ஓடியது.

"சார், உங்க லைன் செத்துக் கெடக்குதுங்க. ஜூலைல மரம் உழுந்தப்பவே கேபிள் அறுந்திருக்கும்."

"ரெண்டே நாள்ல வந்து சரி பண்ணிட்டீங்களே?"

"நாங்க யாரும் வரலீங்களே."

சுஜித் ஜன்னலைத் திறந்தான். எதிரே, பக்கத்து வீட்டு ஜன்னல் விளிம்பில், இந்த வீட்டைப் பார்த்தபடி ஒரு மோடம் பச்சையாகக் கண் சிமிட்டியது.

"நீங்க அவங்க லைன்லதாங்க ஓட்டிட்டிருக்கீங்க. அதுக்கும் உங்க பேரத்தான் வெச்சிருக்காங்க, அதுலயும் பாஸ்வேர்டு இல்ல. உங்க லேப்டாப் தானாப் போய் ஒட்டிக்கிச்சு. அங்க வெச்சா அவங்க உள்ரூமுக்கே சிக்னல் எட்டாது. ஏன் வெச்சாங்களோ."

மூன்று மாதம். சில்வஸ்டரின் காது மடல் சுட்டது. கம்பளிக் குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். குழாயடியில் நேற்றைக்கு நின்ற அதே முகங்கள். திரும்பிவிடலாமா என்று கால் தயங்கியது. போய்க் கதவைத் தட்டினார்.

நாஜ்னீன் திறந்தாள். அவள் பின்னால் அம்மா நஜ்முன்னிசா.

"திருடினது நாந்தாம்மா," என்றார், குழாயடிக்கும் கேட்கும்படி. அதற்குமேல் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "என் பேர எதுக்கும்மா வெச்சே?"

"வேற பேரா இருந்தா உங்க லேப்டாப் தானாப் புடிக்காதுங்க அங்கிள். கேட்டா நீங்க வேண்டாம்பீங்க."

"எங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார் சில்வஸ்டர்.

நஜ்முன்னிசா மெதுவாகச் சொன்னாள்.

"நெட்டு போன அன்னிக்கு செலஸ்டின் அக்கா அழுதது எங்க ஊடு வரைக்கும் கேட்டுச்சுங்க."