மலை வீட்டுக் கேமரா

மலை வீட்டின் அலமாரி மேல் ஒரு கேமரா இருந்தது. அதற்குப் பேச்சுத்துணை சுவரில் இருந்த பல்லி. வீட்டுக்காரர் மருதப்பன் கீழே நகரத்து வீட்டில் இருந்தபடியே செல்போனில் கேமராவைத் திருப்பித் திருப்பி இந்த வீட்டைப் பார்ப்பார்.

"ஒரு நாளைக்கு நாற்பது தடவை பார்க்கிறார். இந்த வீட்டின் மேல் அவ்வளவு பிரியம்," என்றது கேமரா.

"அப்படியானால் நேரில் வரலாமே," என்றது பல்லி.

மே மாதம் அவர் மனைவி கோமளவல்லியோடு வந்தார். வந்ததும் சோபாவில் உட்கார்ந்து செல்போனில் நகரத்து வீட்டுக் கேமராவைத் திறந்தார். பூட்டைப் பார்த்தார். ஏசி அணைந்திருக்கிறதா என்று பார்த்தார். மறுபடி பூட்டைப் பார்த்தார்.

"பனி இறங்குதுங்க, வெளியே வாங்க," என்றாள் கோமளவல்லி.

"அங்கே திரைச்சீலை அசையுது. கிளம்பு, போய்ப் பார்த்துடலாம்."

"காத்தா இருக்கும். நான் வரலை. நீங்க போயிட்டு வாங்க."

அவர் காரை எடுத்துக்கொண்டு போனார். பத்து நிமிடத்தில் கேமரா அவர் குரலில் பேசியது.

"கோமளா, ஜன்னலைச் சாத்து. கதவைப் பூட்டினியா?"

கோமளவல்லி கேமராவின் பக்கம் வந்தாள். பிறகு ஒரு துண்டை எடுத்து அதன் மேல் போர்த்தினாள்.

"என்ன இது, ஒன்றும் தெரியவில்லையே," என்றது கேமரா.

"அந்தம்மா பனி பார்க்கப் போகிறாள்," என்றது பல்லி.

துண்டுக்குள் கேமரா இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டே இருந்தது.